மஞ்சள் தடவிய நோட்டீஸ்

விளம்பரம் எழுதிப் பிழைக்கிறேன் என்று எண்பதுகளில் அருப்புக்கோட்டையில் சொன்னால், சுவரில் பெயிண்ட் அடிப்பவன் என்றுதான் நினைப்பார்கள். நான் நோட்டீஸுக்கும் சினிமாக் கொட்டகை ஸ்லைடுக்கும் ஆட்டோ மைக்குக்கும் வாசகம் எழுதுபவன். கடை கடையாக ஏறி இறங்குவேன். "இதுல எழுத என்னப்பா இருக்கு? கடை பேரைச் சொன்னா அச்சாபீஸ்காரரே அடிச்சுத் தந்துருவாரு" என்று அனுப்பிவிடுவார்கள். தீபாவளிக்குள் ஒரு நிரந்தர வாடிக்கையாவது பிடிக்காவிட்டால் பஞ்சு மில்லில் கணக்கெழுதப் போக வேண்டும் என்று அப்பா கெடு வைத்திருந்தார். எனக்கோ மில் என்றாலே வேப்பங்காய்.

அப்போதுதான் துபாயிலிருந்து திரும்பிய பாய் ஒருவர் பஜாரில் ஜவுளிக்கடை திறக்கப்போவதாகக் கேள்விப்பட்டு ஓடினேன்.

"கிராமத்துச் சனம் பூராம் பழைய கடைக்கே போகுது. அவுகள இங்க வர வை. வந்துட்டா கடை விளம்பரம் எல்லாம் உனக்குத்தான்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் கொடுக்கிற நோட்டீஸ், பஸ் கிளம்புமுன் கசங்கிக் கீழே கிடக்கும். ஆனால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளை எங்கள் பக்கத்தில் யாரும் எறிய மாட்டார்கள். அது விசேஷப் பத்திரிகை. பாயிடம் சொல்லாமல், ஒவ்வொரு நோட்டீஸிலும் விரலால் மஞ்சள் தடவினேன். 'குடும்பத்துடன் வந்து சிறப்பிக்கவும்' என்ற வாசகம் வேறு. பக்கத்துக் கிராமமான பரளச்சிக்குப் போய் வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். என் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப்போனேன்.

திறப்பன்று பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். பெண்கள் கையில் தாம்பாளம், பூ, பழம். "மொய் எங்க எழுதுறாக?" என்று ஆண்கள் விசாரித்தார்கள். துணியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மீசைக்காரர் பாயிடம், "பந்தி எப்ப போடுவீக?" என்று கேட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாய் நோட்டீஸைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓட்டலுக்கு ஆளனுப்பினார். வந்தவர்களுக்கெல்லாம் கடைக்குள்ளேயே இலை போட்டுத் தக்காளிச் சாதம். சாப்பிட்டு, வாயார வாழ்த்தி, ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் ஊர் திரும்பினார்கள்.

"நீ வீட்டுக்குப் போப்பா" என்றார் பாய்.

தீபாவளி முடிந்ததும் மில்லுக்குப் போனேன். பஞ்சுத் தூசியில் தும்மித் தும்மிக் கணக்கெழுதினேன். தை பிறந்து, கொத்தமல்லியும் பருத்தியும் விலைக்குப் போய்ச் சனங்கள் கையில் காசு புரளத் தொடங்கியது. ஒருநாள் பாய் மில் வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. பந்தி கேட்ட மீசைக்காரர் வீட்டுக் கல்யாணம்.

"முகூர்த்தப் பட்டு மொதக்கொண்டு நம்மகிட்டதான் எடுத்தாக. சோறு போட்ட கடைய விட்டுட்டு வேற கடை ஏறுவமாங்காக. ஊரே வருதுப்பா!"

கல்யாணத்துக்கு இருவரும் பரளச்சிக்குப் போனோம். மீசைக்காரர் எங்களைக் கைபிடித்து அழைத்துப்போய், முதல் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். பாய் சாம்பாரைப் பிசைந்தபடியே, "அடுத்த நோட்டீஸ எப்ப எழுதுவ?" என்றார்.

"மில்லுல லீவு கேக்கணும் பாய்."

"லீவு எதுக்கு? நின்னுக்கிறேன்னு சொல்லிரு."

கண் கலங்கி, இலையே மங்கலாகத் தெரிந்தது. பாய் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"மஞ்சளு தடவுறதுன்னா மட்டும் முன்னாடியே சொல்லு. அரிசி வாங்கிப் போடணும்ல."