கேட்காமல் வெளியே போவது

தொண்ணூற்றொன்றில் நான் ஏழாம் வகுப்பு. தண்டலம் பக்கம், பெங்களூர் ரோட்டை ஒட்டிய பள்ளி. லாரி போனால் ஜன்னல் அதிரும். டீச்சர் வெளியே போனால் நாங்கள் அதிர்வோம். அப்போதெல்லாம் வகுப்பு லீடர் கையில். வெளியே போக அவளிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் வயதுதான் அவளுக்கும்; ஆனாலும் அக்கா என்று கூப்பிட வேண்டும், கெஞ்சி.

"இன்னாடீ, காதுல வுழல. இன்னொரு தபா சொல்லு."

சொன்னாலும் சில நாள் விடமாட்டாள். அதனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினோம். உதடு வெடிக்கும் வெயிலில், மூலையிலிருந்த பானையைப் பார்க்காமல் இருக்கப் பழகினோம்.

பி.எட். பயிற்சிக்கு ஒரு டீச்சர் வந்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்று ஆராய்ந்து எழுத வேண்டுமாம். "உங்கள யாராவது தொந்தரவு பண்றாங்களா? கை தூக்குங்க" என்றார். பக்கத்திலேயே லீடர் நின்றிருந்தாள். ஒரு கையும் எழவில்லை.

அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சாயங்காலம் பானை மூடியைத் திறந்தார். காலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே தளும்பியது. மூடியை வைத்துவிட்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

மறுநாள் பிரேயரில் தலைமையாசிரியை அறிவித்தார்: வெளியே போக இனி யாரும் லீடரைக் கேட்க வேண்டாம்.

அன்று மதியம் வகுப்பில் டீச்சர் இல்லை. லீடர் வாசலில் உட்கார்ந்து குறுக்கே காலை நீட்டியிருந்தாள். யாரும் அசையவில்லை. எனக்கோ அடக்க முடியவில்லை. எழுந்தேன்.

"எங்கடீ?"

"வெளிய."

"அக்கா சொல்லு."

"கேக்க வேணாம்னாங்க."

"அந்த டீச்சரு அடுத்த வாரம் பூடும். நானு பத்தாவது வரிக்கும் இங்கதான் கீறேன். ரோசன பண்ணிக்கோ."

யோசிக்க உடம்பு விடவில்லை. காலைத் தாண்டினேன். பள்ளிக்குப் பின்னால், வேலிகாத்தான் புதர் மறைவுக்கு ஓடினேன்.

திரும்பினால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"அக்கா சொல்லுடீ, தொறக்கறேன்."

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. வார்த்தை தொண்டைவரை வந்தது, விழுங்கினேன். உள்ளே யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் நின்றது. பெஞ்சு நகரும் சத்தம். "ஏய், உக்காருடீ!" என்று லீடர் கத்தினாள்.

தாழ் விலகியது. வகுப்பில் எப்போதும் வாயே திறக்காத முதல் பெஞ்சுக்காரி கதவைத் திறந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலிகாத்தான் பக்கம் ஓடினாள்.