பெயர் ஓடாத படம்

"…நடிச்சதோட நிக்கேல்லைத் தம்பி, படத்தை இயக்கினதும் அவாதான். அந்தப் பேரை ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கோவன்," என்று சின்னம்மா படம் ஓட்டுகிறவரிடம் மூன்றாம் நாளும் கேட்டுக்கொண்டு நின்றது, நேற்று ஒரு கலியாண மண்டபத்தில் ஜெனரேட்டர் புகை மூக்கில் ஏறியதும் நினைவுக்கு வந்தது.

முள்ளியவளையில் தென்னங்கிடுகு வேய்ந்த படக் கொட்டகையில் அந்தப் புகையும் சுருட்டும் ஈர மணலும் கலந்த மணம்தான் எனக்குச் சினிமா. முல்லைத்தீவுக்குப் போகும் கடைசி பஸ்ஸைச் சனம் பிடிக்க வேண்டுமென்று, தொடக்கத்தில் பெயர்கள் வரும் துண்டை விட்டுவிட்டு நேரே கதையில் தொடங்குவது அங்கே வழக்கம். ஊருக்குச் சட்டை தைத்துக் கொடுத்த சின்னம்மாவுக்கோ, எல்லாரும் கொண்டாடிய அந்த நடிகை இயக்குநராகவும் ஆனதை எழுத்தில் பார்க்காமல் மனம் ஆறாது. "பொம்பிளை படம் எடுக்கிறதோ? பின்னாலை ஆரும் ஆம்பிளை நிண்டிருப்பான்," என்று சித்தப்பா வீட்டில் சிரித்த சிரிப்பு அப்படி. அன்றைக்குச் சின்னம்மா அவரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"அக்கா, பேர் வாசிக்கவோ டிக்கெட் எடுத்தனீங்கள்? பஸ் போயிடும்," என்றார் படம் ஓட்டுகிறவர். ஆண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. அதிலும் சித்தப்பாவின் சிரிப்புத்தான் பெரிது.

சின்னம்மா என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நாயகன் பெயர் மட்டும் எழுதியிருந்த கரும்பலகைக்கு முன்னால் நின்று, துணியில் கோடு போடும் வெண்கட்டியை இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்து, 'இயக்கம்' என்று போட்டு, அந்த நடிகையின் பெயரை நாயகன் பெயரைவிடப் பெரிதாக எழுதினார்.