தேதிக்கு விட்ட இடம்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஜெபம். ஐந்தே முக்காலுக்கு டீ. ஏழு மணிக்குக் கோயிலைத் திறந்து, சாரல் அடித்திருந்த முன் பெஞ்சுகளைத் துடைத்தேன். ஒன்பதரைக்குத் திருவிருந்துப் பெட்டியுடன் ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஆலயத்துக்கு வர முடியாத நோயாளிகளுக்கு வீட்டிலேயே அப்பமும் திராட்சரசமும் கொடுப்பது போதகராகிய எனக்குச் செவ்வாய்க்கிழமை வேலை.

ஐந்தாவது வீடு திருக்காட்டுப்பள்ளிக்கு முன்னால், வாய்க்கால் ஓரத்தில். அந்த வீட்டுப் பெரியவர் பாதி வயதுவரை பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். பிறகு ஒரு ஏக்கர் சொந்தமாக வாங்கினார். ஈரலில் புற்று. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

ஜெபப் புத்தகத்தைத் திறந்தபோது ஒரு தாள் நழுவி அவர் போர்வையில் விழுந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தார். அவருடைய அடக்க ஆராதனைக்கு நான் முன்கூட்டியே எழுதிவைத்த பிரசங்கம். எதையும் கடைசி நேரத்துக்கு விடுவது எனக்குப் பழக்கமில்லை.

"தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கீங்க," என்றார்.

மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டினேன். தரவில்லை.

"எழுத்து நல்லாருக்குங்க. மரணத்தை மகிழ்ச்சியோட எதிர்கொண்டார்னு இருக்கே, அது யாரு?"

"ஐயாவ வம்புக்கு இழுக்காதீங்க," என்றார் அடுப்படியிலிருந்து அவர் மனைவி.

"நீ சும்மா இரு. நான் சந்தோஷமா இருந்தது சொந்த வயல்ல மொதமொத மடையத் திறந்துவிட்ட அன்னிக்கு. அத எழுதல. இப்ப பயமா இருக்குங்க. உங்களுக்கு இல்லையா?"

"விசுவாசிக்குப் பயம் இல்லைங்க," என்றேன். இருபத்தாறு வருடங்களாகச் சொல்லும் பதில். வாய் தானாகச் சொன்னது.

அவர் தாளை நான்காக மடித்துத் தந்தார். அப்பத்தை எடுத்தபோது, "இன்னிக்கு வேணாங்க," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கும் பயம் உண்டு. மழைக்காலத்தில் கல்லறைக் குழிக்குள் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தபடியே உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அங்கிக்குள் வியர்த்துக் கொட்டும். சபையிடம் இதைச் சொல்ல முடியாது. சொல்லாமலே வயதாகிவிட்டது. அவரோ என்னிடம் கேட்டுவிட்டு, உண்மையான பதில் கிடைக்காமல், திருவிருந்தும் வாங்காமல் படுத்திருக்கிறார்.

மாலையில் நாட்குறிப்பில் எழுதினேன்: வீடுகள் ஐந்து, திருவிருந்து பெற்றவர்கள் நான்கு பேர். காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஜெபத்துக்கும் முன்பு, அந்த வீட்டுக்குப் போனேன். பெரியவர் விழித்திருந்தார்.

"எனக்கும் பயம்தாங்க," என்றேன்.

அவர் கால்களை மெல்ல நகர்த்திக் கட்டிலில் இடம் விட்டார். "உக்காருங்க."