தார்ப்பாய்க்கு அடியில் கால் மணி நேரம்

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூருக்கு வெளியே, எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் நடந்தது. மண்வெட்டி, பூவாளியெல்லாம் வைக்க ஒரு தகரக் கொட்டகை வேண்டும், அதற்கு ஒரு கான்கிரீட் தளம் வேண்டும். இரண்டு வாரமாகக் கொத்தனார் "நாளைக்கு வர்றேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானே இறங்கிவிட்டேன். ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாக நேர்க்கோட்டில் தைப்பவளுக்கு இது பெரிய வேலையா என்ற திமிர்தான்.

நாலு பக்கமும் பலகை அடித்து, காலையிலிருந்து கலவை போட்டுக் கொட்டினேன். மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடத் தளத்தில் லேசாக வாட்டம் வைக்க வேண்டும். அந்தச் சரிவை என் வாழைமரத்துப் பக்கம் வைத்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பக்கம் வைத்தேன். அந்த வீட்டு அக்காவோடு, உருதுவில் நாங்கள் கூப்பிடுகிற பாஜியோடு, ஒரு வருடமாகப் பேச்சில்லை. என் தோட்டத்துத் தண்ணீர் அவர் துவைக்கிற கல்லடியில் தேங்குகிறது என்று வந்த சண்டை அது.

கை கழுவக்கூட இல்லை, வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மீதிக் கலவை மேல் இருந்த ஒரே சாக்கைப் போட்டேன்; தளத்தை மூட ஒரு பாலித்தீன் தாள்கூட வைத்திருக்கவில்லை. பச்சைக் கலவையில் பெரிய துளிகள் விழ, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேலியை விலக்கிக்கொண்டு பாஜி வந்தார், கையில் நீலத் தார்ப்பாய்.

"இன்னாத்துக்கு நின்னுகினு பாக்குற? அந்த ரெண்டு மூலைய புடி."

ஆளுக்கு இரண்டு மூலையாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தோம். அடியில் எல்லாமே நீலமாகிவிட்டது. கலவை, பாஜியின் முகம், சேறு படிந்த என் கை. எப்போதும் காற்றில் இருக்கும் தோல் பதனிடும் ஷாப் வாடை அன்று இல்லை, ஈர சிமெண்ட் வாசம் மட்டும். மழை இரைச்சலில் ஊர் எங்கேயோ போய்விட்டது. குளத்துக்கு அடியில் நாங்கள் இருவர் மட்டும் நிற்பது போல் இருந்தது.

முன்பே விழுந்திருந்த துளிகள் தளத்தின் மேல் ஒன்றாகச் சேர்ந்து மெல்ல நகர்ந்தன. நேராக பாஜியின் காலடிக்கு. அவர் பார்த்தார். அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன்.

"கை ஜாஸ்தி வலிக்குதா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக அவர் என்னை ஒரு அறை விட்டிருக்கலாம்.

"பாஜி, வாட்டத்த உங்க பக்கம் வெச்சிட்டேன். தெரிஞ்சேதான் வெச்சேன்."

"தெரியுது. காயறதுக்கு இன்னும் டைம் கீது இல்ல?"

மழை விட்டதும் இருவருமாக பாஜி பக்கத்துப் பலகைக்கு அடியில் ஓட்டுச் சில்லு வைத்து உயர்த்தினோம். சாக்குப் போட்டு மூடியிருந்த மீதிக் கலவையைக் கொட்டி, மட்டப்பலகையை என் வாழைமரத்துப் பக்கம் சரிவாக இழுத்தோம். பாஜியின் முழங்கை வரை சிமெண்ட்.

இப்போதும் மழை வந்தால் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். தண்ணீர் வாழையடிக்குத்தான் போகிறது. யார் மேலாவது எனக்குள் கோபம் இறுகத் தொடங்கும்போது, அந்த நீல வெளிச்சத்தில் பாஜி கேட்டதைத்தான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: காயறதுக்கு இன்னும் டைம் கீது இல்ல?