இரண்டு சகலன்மார் செய்த சதி

சென்ற ஞாயிறு பிற்பகல் ஒரு சதியில் ஈடுபட்டேன். கூட்டாளி என் சகலன் — மனைவியின் அக்கா கணவர்.

அக்காவும் தங்கையும் ஆறு வருடமாகக் கோபம். அக்கா மகளின் கலியாணத்துக்கு எல்லோருக்கும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். எங்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் கார்ட்! கூடப் பிறந்தவளுக்கு என்ன முறை என்று அக்கா நினைத்தார். கூடப் பிறந்தவளுக்கே முறையில்லையா என்று என் மனைவி நினைத்தார். கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அவ்வளவுதான்.

மனைவிமார் கோபமென்றால் கணவன்மாரும் கோபமாக இருக்கவேண்டும். நாங்களும் இருந்தோம்... மாதம் ஒருமுறை புவாண்ட்-கிளேர் ஷாப்பிங் மோலில் களவாகக் கோப்பி குடித்தபடி.

போன மாதம் சகலன் கோப்பியைத் தொடவில்லை. "அவவுக்கு பைபாஸ் செய்யவேணுமாம். அதுக்கு முதல் ரெண்டுபேரும் ஒரு சொல்லாவது கதைச்சிட வேணும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் நூலகத்தில் ஒரு பழைய ஹாலிவுட் படம் போடுவதாக அறிந்தோம். புகழ்பெற்ற நடன ஜோடி, பல வருடம் பிரிந்திருந்து மறுபடி சேர்ந்து நடித்த சிரிப்புப் படம். இதைவிடத் தோதான படம் கிடைக்குமா? அவரவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், தற்செயலாகச் சந்தித்ததுபோல் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நடுவில் ஆண்கள் இருவரும், இரண்டு ஓரத்திலும் இரண்டு முகங்கள் — கல் மாதிரி.

திரையில் அந்த இருவரும் என்ன ஆட்டம் ஆடினார்கள்! இளமை போயிருந்தது. ஆனால் அவள் திரும்புமுன்பே அவன் கை அங்கே காத்திருந்தது. சகலனுக்கு அந்தப் பக்கம் அக்கா நெஞ்சைத் தடவுவதைக் கண்டேன்.

"அண்ணை, அக்காவின்ரை மாத்திரையைக் குடுங்கோ!" என்று சகலனிடம் உளறிவிட்டேன்.

"என்ன மாத்திரை?" என்றார் மனைவி.

சொன்னேன். வேறு வழி?

மனைவி எழுந்தார். எங்கள் முழங்கால்களை இடித்துக்கொண்டு போய், அக்காவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எனக்குச் சொல்லேல்லையே, அக்கா?"

"நேரில வந்து சொல்லத்தானடி இருந்தனான். வாசல் மட்டும் வந்திட்டுத் திரும்பிப் போனனான்."

"ஆஸ்பத்திரியில நான்தான் நிப்பன்."

அதன் பிறகு படத்தை யார் பார்த்தது? இருவரும் அழுதார்கள். நாங்களும்தான். திடீரென்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, என்ரை நெஞ்சு வருத்தம் உமக்கு எப்பிடித் தெரியும்?"

ஆறு வருடக் கோப்பியும் வெளியே வந்துவிட்டது.

அக்காவும் தங்கையும் ஆறு வருடத்துக்குப் பிறகு சேர்ந்து எடுத்த முதல் முடிவு — எங்கள் இருவரோடும் கதைப்பதில்லை!