பழைய கம்ப்யூட்டர் மேல் போட்ட பழி

ஏழெட்டு வருடம் இருக்கும். கொடைக்கானலுக்குக் கீழே வட்டக்கானலில் ஒரு சின்ன காட்டேஜில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ன வேலை என்று கிடையாது. ரூம் புக்கிங், சமையல், கணக்கு, வருகிறவர்களுக்கு வழி சொல்வது எல்லாம் நான்தான். போதாததற்கு ஆபீஸ் கம்ப்யூட்டரும் என் தலையில். முதலாளி யாரிடமோ பழசாக வாங்கிப் போட்டது. மூடுபனி நுழைந்தால் எங்கள் ஊரில் உப்பு கசியும், தீக்குச்சி பற்றாது. கம்ப்யூட்டர் மட்டும் எப்படித் தப்பும்? பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எதைச் சொருகினாலும் முதல் தடவை எடுக்காது. திட்டி, தட்டி, பின்பக்கம் மாற்றிச் சொருகி எடுக்க வைப்பேன். பக்கத்து காட்டேஜ்களில் தங்குகிறவர்கள்கூடப் படம் ஏற்ற வேண்டும் என்று என்னைத் தேடி வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம், கொட்டுகிற மழையில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தின வருடம் எங்கள் காட்டேஜில் தங்கியிருந்த ஒரு பையனின் அப்பா, அம்மா. கேமராவை எடுத்துக்கொண்டு காலையில் பாறைப் பக்கம் போன பையன் திரும்பி வரவில்லை. கீழேயிருந்து உடலைத்தான் எடுத்து வந்தார்கள். மழைக்காலம், பாசி பிடித்த பாறை, கால் வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசினோம். போலீஸார் கேட்டபோதும், நன்றாகச் சிரித்துப் பேசினார், கூட ஒரு சப்பாத்தி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று சொன்னேன். அது உண்மைதான்.

கேஸ் முடிந்து, பையனின் பையை அன்றைக்குத்தான் ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர் விருதுநகர் பக்கம். இந்த மழையில் மலை இறங்க வேண்டாம் என்று ஒரு நாள் தங்க வந்திருந்தார்கள். ரூம் சாவியைக்கூட வாங்கவில்லை. அந்த அம்மா பையைத் திறந்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"இதுல என்ன இருக்குன்னு பாக்கணும்மா. ஒங்க கம்ப்யூட்டர்ல கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

"வீட்ல போய்ப் பாத்துக்கலாம்ல. நம்ம லேப்டாப்புன்னா வெரசா எடுக்கும்" என்றார் கணவர்.

"இல்ல, இங்கயே பாத்துருவோம்."

பெற்ற மனம், ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டிஸ்கை முன்பக்கம் சொருகினேன். லைட் எரிந்தது. உள்ளே டிக் டிக்கென்று இரண்டு தட்டு, அப்புறம் சத்தமில்லை. பின்பக்கம் மாற்றினேன். பிரிண்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அந்த வகை டிஸ்க் சுற்றுவதற்குக் கரண்ட் நிறைய வேண்டும். எங்கள் பழசுக்கு அவ்வளவு கொடுக்கத் திராணி இல்லை. ஒரு தடவை எப்படியோ பிடித்துக்கொண்டது. ஆனால் உள்ளே இருப்பதைக் காட்டாமல், ஃபார்மட் பண்ணட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினேன்.

அப்பா என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "ஆமான்னு குடுத்திருந்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார்.

"எல்லாம் அழிஞ்சிரும் சார்."

அந்தக் கேள்வி திரையிலிருந்து போன பிறகும் அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கால் வலிங்கிறீங்களே, போய்ச் சத்த படுங்களேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மேல கடையில ஒரு டீயாவது குடிச்சிட்டு வாங்க" என்றார். கணவர் அசையவே இல்லை. அவருக்கு மனைவி மேல் எவ்வளவு கரிசனம், மனைவிக்கும் அவர் மேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன். எப்படியும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கும் வெறி வந்துவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் இருந்த இன்னொரு காட்டேஜுக்குப் போய், இரண்டு தலை வைத்த கேபிள் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். இரண்டு தலையையும் பின்னால் இரண்டு ஓட்டையில் சொருகினால் கரண்ட் இரண்டு மடங்கு கிடைக்கும். சொருகினேன். இந்தத் தடவை டிஸ்க் திக்காமல் சுற்றியது. டிங் என்று சத்தமும் வந்தது. ஆனாலும் டிரைவ் வரிசையில் அதைக் காணோம். அதுவும் எனக்குப் பழகின கூத்துதான். ஏற்கெனவே இருக்கிற டிரைவின் எழுத்தையே இதற்கும் கொடுத்துவிட்டு முழிக்கும். வேறு எழுத்து மாற்றிக் கொடுத்தால் வந்துவிடும்.

"இந்தா வந்துரும்மா" என்றேன்.

"கண்ணாடிய எடுத்துட்டு வந்துர்றேன், கார்ல வச்சிட்டேன்" என்று அந்த அம்மா எழுந்து வெளியே ஓடினார்.

எழுத்தை மாற்றினேன். திரையில் டிரைவ் வந்தது. அதற்குப் பையன் தன் பேரையே வைத்திருந்தான். திறப்பதற்கு மவுஸைக் கொண்டுபோனேன். அப்பா என் கைமேல் கையை வைத்தார். முன்பின் தெரியாத ஒரு ஆள் அப்படிக் கையைப் பிடித்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெறக்காதீங்கம்மா. கழட்டிருங்க. எடுக்கலைன்னு சொல்லிருங்க."

"சார், வந்துருச்சு சார்."

"தெரியுது. கால் வழுக்கிருச்சுன்னு நெனச்சுத்தான் அவ ராத்திரி தூங்குறா. இதுக்குள்ள வேற எதுவும் இருந்துச்சுன்னா?"

"ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்ல சார்?"

"இல்லைன்னா நல்லது. இருந்துட்டா, அப்புறம் நான் அவள எங்க போய்த் தேட?"

வெளியே கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எனக்கு யோசிக்க நேரமில்லை. டிஸ்கைக் கழற்றினேன். இரண்டு தலைக் கேபிளைச் சுருட்டி மேசை இழுப்பறையில் போட்டேன்.

அந்த அம்மா தலையெல்லாம் நனைந்து, மூக்கில் கண்ணாடியோடு வந்து நின்றார். "எடுக்கலம்மா. பழைய கம்ப்யூட்டர், இதுக்கு அவ்வளவுதான்" என்றேன். அழுவார், இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கெஞ்சுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "சரி, விடும்மா" என்றார். அன்றைக்கு இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை. சோறு அப்படியே திரும்பி வந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. கணவர் காரைத் திருப்பிக்கொண்டு வரப் போனார். அந்த அம்மா என்னிடம் வந்தார். டிஸ்க் அவர் கைப்பையில் இருந்தது.

"நேத்து அது எடுக்கலைன்னது நெசந்தானா?"

"நெசந்தாம்மா" என்றேன். அவர் கணவருக்குக் கொடுத்த வாக்கு.

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். நான் ஏமாற்றம் என்று நினைத்தேன். அது நிம்மதி.

"நல்லதாப் போச்சு. அன்னைக்கிக் காலைல அவன் எனக்குப் போன் பண்ணான்மா. பேசுனதுலயே எனக்குப் பாதி உயிர் போயிருச்சு. 'அப்பாவப் பாத்துக்கங்கம்மா'ன்னுட்டு வச்சிட்டான். திருப்பிக் கூப்புட்டேன், எடுக்கல. இவருக்கு இன்னமும் தெரியாது. தெரிஞ்சா மனுசன் தாங்க மாட்டாரு. இதுலயும் எதையாச்சும் பேசி வச்சிருந்தான்னா, இவரு வீட்ல போட்டுப் பாக்குறதுக்குள்ள அழிச்சிரணும்னுதான் நேத்து அப்படி நின்னேன். இனி ஒடஞ்சு போச்சுன்னு சொல்லி எங்கயாவது போட்டுருவேன்."

என் வாய் வரைக்கும் வந்தது. 'அம்மா, சாருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அவரு கழட்டச் சொன்னாரு' என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் சந்தேகம் வேறு, தெரிவது வேறு. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் நின்று முழிப்பதற்குள் கார் வந்துவிட்டது. அவர் இறங்கி வந்து மனைவி ஏறுவதற்குக் கதவைத் திறந்துவிட்டார். ஏறும்போது அந்த அம்மா, "ஸ்வெட்டரப் போட்டுக்கங்க, பனியா இருக்கு" என்றார். என்னைப் பார்த்து இரண்டு பேரும் கும்பிட்டார்கள், தனித்தனியாக, அவரவர் ரகசியத்தைக் காப்பாற்றிக் கொடுத்த நன்றியோடு.

அப்புறம் அவர்கள் வரவில்லை. அந்தக் காட்டேஜ் வேலையையும் நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் எங்கள் வீட்டில் இறந்தவர்களோடு சேர்த்து அந்தப் பையனுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். வாயை மூடிக்கொண்டது சரியா என்று பங்குச் சாமியாரிடம்கூட ஒரு தடவை பேர் சொல்லாமல் கேட்டேன். அவர் தனக்கும் தெரியவில்லை என்றார். அந்த டிஸ்கில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒரு நாளாவது ஒருவரிடம் ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, சேர்ந்து உட்கார்ந்து அழுதார்களா என்பது மட்டும் தெரிந்துவிட்டால் போதும்.