அளவு நாடாவும் ஹோர்மோன் குளிசையும்

அபாயா தைக்கிறவளிடம் வயதை மறைக்க முடியாது. கறுப்புத் துணி எல்லாவற்றையும் மூடும், அளவு நாடா ஒன்றையும் மூடாது. கல்முனையில் கடைத்தெருவிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் எனக்கு ஒரு தையற்கடை இருக்கிறது. ஆண்கள் திரைக்கு அப்பால் நிற்பார்கள். திரைக்கு உள்ளே பெண்கள் முக்காட்டைத் தளர்த்திவிட்டு மனம்விட்டுக் கதைப்பார்கள். ஐம்பதைத் தொட்டவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இப்போதே விளங்கியிருக்கும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம், உங்களுக்கும் வரும்.

கல்லு வேண்டாம்

மாதவிலக்கு நிற்கும் வயதின் முதல் சூடு எனக்கு ஒரு வாடிக்கைக்காரியின் முன்னால்தான் வந்தது. சாய்ந்தமருதிலிருந்து மகளின் கலியாண உடுப்புக்கு வந்த உம்மா அவர். கைகளில் மினுங்கும் கல்லு, நெஞ்சில் கல்லு, முதுகிலும் கல்லு வேண்டுமென்று நின்றார். துணி பாரம் தாங்காது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு அனல் கிளம்பிக் கழுத்தால் ஏறிக் காது வரைக்கும் போய்விட்டது. முகம் சிவந்து, மூக்கு நுனியால் வியர்வை சொட்டுகிறது. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது.

என் மூச்சு அடங்கட்டும் என்று கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன். கொஞ்சம் பலமாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது. அந்த உம்மா இரண்டு அடி பின்னால் போய்ச் சொன்னார்: "கோவிக்காதீங்க ராத்தா, கல்லு வேணாம். நீங்க நெனச்ச மாதிரியே தையுங்க."

நாலு கைக்காரி

இப்படியே வாடிக்கைக்காரர்களைப் பயமுறுத்திக் கடை நடத்தலாமென்றால் நல்லதுதான். ஆனால் சூட்டோடு மறதியும் கூட வந்தது. இரவில் நித்திரையில்லை, பகலில் தலைக்குள் பஞ்சு. என் கணவரின் தங்கை சரீனாதான் என்னோடு மெஷினில் இருக்கிறவள். ஒருநாள் நான் வெட்டிக் கொடுத்த துணியை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "மச்சி, இது எந்த நாலு கைக்காரிக்கு?" ஒரே அபாயாவுக்கு இரண்டு சோடிக் கை வெட்டியிருந்தேன்.

விஷயம் வீட்டுக்குப் போனது. என் கணவருக்கு மாவடிப்பள்ளியில் வயல். அவருக்கு எல்லா நியாயமும் வயலிலிருந்துதான் விளையும். ஒழுங்கை முனையில் போன் கடை வைத்திருக்கும் ஒரு ஆள் எங்கள் கடையையும் வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நோன்புப் பெருநாளோடு சாவியைக் கொடுத்துவிடுவோம் என்றார் என் கணவர். இருபது வருடமாக நான் கட்டியெழுப்பிய கடை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவரோ சாந்தமாகச் சொன்னார்: "வயலையே ஒரு போகம் சும்மா விடுறம். நீ என்னகா ஓயமாட்டன் எண்டு நிக்கிறாய்?"

நாடா தொட்ட இடம்

வயலைச் சும்மா விட்டால் அடுத்த போகம் விளையும். கடையை விட்டால் போன்தான் விற்கும். அதனால் நான் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஒரு பெண். பிரஷர் பார்த்தார், மார்பைச் சோதித்தார், குடும்பத்தில் யாருக்கும் மார்புப் புற்றுநோய் இருந்ததா, காலில் இரத்தம் கட்டியதா என்று துருவித் துருவிக் கேட்டார். எல்லாருக்கும் இது சரிவராது, உங்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஹோர்மோன் குளிசை எழுதித் தந்தார்.

கொஞ்ச நாளில் சூடு தணிந்தது, நித்திரை வந்தது. ஆனால் குளிசையும் சும்மா வரவில்லை. காலையில் வயிற்றைப் புரட்டியது. வயிறு ஊதி, போன வருட உடுப்பு இடுப்பில் நின்றுகொண்டது. மார்பு தொட்டால் நோகும். எனக்கு மட்டும்தான் இந்தக் கொடுமை என்று நினைத்திருந்தேன்.

அந்த வேளையில்தான் அளவு கொடுக்க ஒரு ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் மிஸ் வந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் பிரம்புக்குப் பயந்து படித்தவர்கள். மார்பளவு எடுக்க நாடாவைச் சுற்றினேன். "ஆ!" என்று துள்ளினார். இடுப்பைப் பார்த்தேன், போன அளவை விட நன்றாகக் கூடியிருந்தது. அவர் காதருகே குனிந்து, "மிஸ், நீங்களும் குளிசையா?" என்றேன். அந்தப் பெரிய மனுஷி திரை ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். போகும்போது மிஸ் சொன்னார்: "உன்ட நாடாவுக்கு வாய் இருந்தா என்ட மானம் சந்தியில நிக்கும் புள்ள."

முழங்காலுக்கு மருந்து

அதன் பிறகு மிஸ் தைக்க ஒன்றுமில்லாமலும் வருவார். குளிசை வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்று டாக்டர் அவருக்குத் தோலில் பூசும் ஜெல்லுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். மிஸ் அதை அலுமாரியில் வைக்க மறந்து மேசையில் விட்டிருக்கிறார். அவர் கணவர் ஹாஜியார் நோவுக்குப் பூசும் தைலமென்று நினைத்து, இரண்டு முழங்காலிலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு தொழப் போய்விட்டார்.

மிஸ் பதறிப்போய் டாக்டருக்குப் போன் எடுத்தாராம். ஒரு தரத்தால் பயமில்லை, சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், இனிமேல் அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்றாராம் டாக்டர். "இப்ப ஹாஜியாருக்கு எப்பிடி மிஸ்?" என்று சரீனா கேட்டாள். மிஸ் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொன்னார்: "முழங்கால் நோவு அப்பிடியேதான் இரிக்கி. ஆனா அண்டைக்கு முழுக்க மனிசன் என்னோட சண்டை புடிக்கல்ல."

திரைக்குப் பின்னால் பணிஸ்

எங்களுக்கு இந்த வயதில் ஒரேயொரு சந்தோஷம் உண்டு. மாதாமாதம் வருவது நின்றுவிட்டால் நோன்பு முப்பதையும் இடையில் விடாமல் பிடிக்கலாம். எனக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல். இந்த முறை ஒன்றும் தவறாது என்று றமழானுக்கு முதலே ஊர் முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தேன். நோன்பு பாதியில் இரத்தம் பட்டது.

உடைந்துபோனேன். குளிசையை வீசிவிட நினைத்தேன். வீசினால் சூடும் மறதியும் திரும்பும். பெருநாள் ஓடர் குவிந்து கிடக்கிற நேரத்தில் நாலு கை வெட்டினால் கடை போய்விடும். நின்ற பிறகு இரத்தம் பட்டால் சும்மா இருக்கக் கூடாதென்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், அதனால் கிளினிக்குக்கு ஓடினேன். அன்றைக்கு என் கணவரும் வந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, குளிசை தொடங்கிய மாதங்களில் இப்படி வரலாம் என்று டாக்டர் அளவை மாற்றித் தந்தார், நிற்காவிட்டால் திரும்ப வரச் சொன்னார். மார்க்க விஷயத்தை ஆலிமாவிடம் கேட்டு, அவர் விடச் சொன்ன நாட்களில் நோன்பை விட்டேன். அடுத்த நாள் பகல், நோன்பு பிடித்த என் கணவர் பிளாஸ்கில் பால் போடாத பிளேன்டியும் பேக்கரிப் பணிஸ் ஒன்றும் கொண்டுவந்து திரைக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போனார்.

நான் முதல் கடி கடிக்க, அந்தக் கல்லுக்கார உம்மா திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் இன்னும் மூன்று பேர். இந்த வயதில் நோன்பு விட என்ன காரணம் இருக்கும் என்று அவர்கள் கண்ணில் எழுதியிருந்தது. விழுங்கிவிட்டு நிமிர்ந்து சொன்னேன்: "ஹோர்மோன் குளிசை குடிக்கிறன். அதால இரத்தம் படுது, எனக்கு இப்ப தொழுகை இல்ல." நான் வெட்கப்படவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது. உம்மா மெதுவாக வந்து பக்கத்தில் இருந்தார். "அந்தக் குளிசைட பேரை எழுதித் தாங்க ராத்தா" என்றார். என் குளிசை என் உடம்புக்கு, உங்கள் உடம்பை டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்றேன். கையிலிருந்த துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அப்ப பெருநாள் முடிய நீங்கதான் என்னக் கூட்டிப் போகணும். எனக்குப் பயமா இரிக்கி."

சாவி

அந்தப் பெருநாளுக்கு ஒரு உடுப்பும் பிந்தவில்லை. ஒரு கையும் கூடவில்லை. தலைப்பிறை பார்க்கும் நேரத்தில் கடைசிப் பொதிகளை என் கணவர்தான் மோட்டார் சைக்கிளில் சவளக்கடை வரை கொண்டுபோய்க் கொடுத்தார். அவற்றை மடித்து அனுப்பிவிட்டு வெறும் மேசையைப் பார்த்து நின்றபோது நெஞ்சு நிறைந்து போயிருந்தது. அதற்கு எந்த டாக்டரும் குளிசை எழுத வேண்டியதில்லை.

பெருநாள் கழிந்து கடை திறந்த அன்றைக்கு உள்ளே ஐந்து பெண்கள். கல்லுக்கார உம்மாவும் இருந்தார், கிளினிக்குக்குப் போக எனக்காகக் காத்துக்கொண்டு. போன் கடைக்காரர் சுவரை அளக்கும் இரும்பு நாடாவோடு வாசலில் வந்து நின்று, சாவி எப்போது என்று கேட்டார். என் கணவர் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எழும்பாமலே சொன்னார்: "கடை காலியில்ல தம்பி. உங்கட உம்மாட அளவு இரிந்தா தந்திட்டுப் போங்க, ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தைச்சு வைப்பா."

விட்ட நாட்களுக்குத் திருப்பிப் பிடிக்க எனக்குக் கழா நோன்பும் பாக்கி, ஹஜ்ஜுப் பெருநாள் அபாயாக்களும் பாக்கி. இரண்டும் முடியும் வரைக்கும் வயதாவதற்கு எனக்கு நேரமில்லை.